பீருக்கு ஏற்ற தண்ணீரா என்று சோதிப்பது எப்படி? டிடிஎஸ் மீட்டர் சொல்லாத எண்கள்

கேள்வி: வேளச்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்பு. சம்ப்பில் போர் தண்ணீரும் மெட்ரோ வாட்டரும் கலக்கின்றன, சில நாள் லாரித் தண்ணீரும் சேரும். டிடிஎஸ் மீட்டர் குழாயில் 700, ஆர்.ஓ.வில் 45 காட்டுகிறது. ஜெர்மனியில் பீர் தயாரிப்புப் படிப்பில் சேரப் போகிறேன். அதற்குள் வீட்டுத் தண்ணீரை வைத்தே சோதனைகளைப் பழகிக்கொள்ள ஆசை. பீர் காய்ச்சும் அளவுக்குத் தண்ணீர் சுத்தமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-இன்படி உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம். சொந்த உபயோகத்துக்கு என்றாலும் விலக்கு இல்லை. ஆகவே இங்கே தண்ணீரைச் சோதிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காய்ச்சுவது அனுமதி உள்ள ஊருக்குப் போனபிறகு. சோதனை மட்டும் எந்த ஊரிலும் ஒன்றுதான். சென்னைத் தண்ணீரில் கை பழகியவருக்கு ஐரோப்பியக் குழாய்த் தண்ணீர் சுலபமாகவே இருக்கும்.

அடுத்து, ‘சுத்தம்’ என்பதை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். குடிதண்ணீர் என்றதும் நமக்கு முதலில் வரும் பயம் கிருமி. பீரில் அந்தப் பயம் பெரும்பாலும் வேண்டியதில்லை, ஏனென்றால் தண்ணீர் மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாற்றோடு சேர்ந்து ஒரு மணி நேரம் கொதிக்கிறது. கிருமிக் கணக்கு கொதித்து முடிந்த பிறகுதான் தொடங்குகிறது (அதற்குக் கடைசியில் வருகிறேன்). கொதித்தாலும் போகாதவைதான் பீரைத் தீர்மானிக்கின்றன: காரத்தன்மை (அமிலத்தைத் தடுத்து நிறுத்தும் சக்தி), கால்சியம், மெக்னீசியம், சோடியம், குளோரைடு, சல்பேட், இரும்பு. அதோடு, போக்கிவிட வேண்டிய குளோரின்.

கரைந்த உப்புகளின் மொத்தத்தைக் காட்டும் உங்கள் டிடிஎஸ் மீட்டர் இவற்றில் ஒன்றைக்கூடத் தனியாகச் சொல்லாது. காய்கறிப் பையைத் தூக்கிப் பார்த்து எடை சொல்கிற மாதிரிதான் அது. உள்ளே முருங்கையா பாகற்காயா என்று அதற்குத் தெரியாது. உண்மையில் அது எடைகூடப் போடுவதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று அளந்து, 0.5 முதல் 0.7 வரையிலான ஏதோ ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. ஒரே தண்ணீருக்கு ஒரு மீட்டர் 700-ம் இன்னொன்று 900-ம் காட்டினால் இரண்டும் சரியாகவே இருக்கலாம். பெருக்கும் எண் வேறு, அவ்வளவுதான். மொட்டை மாடித் தொட்டியில் வெயிலில் காய்ந்த தண்ணீரை அப்படியே அளக்காதீர்கள். ஒவ்வொரு டிகிரிக்கும் மின்கடத்தல் ஏறக்குறைய 2 சதவீதம் ஏறும், மலிவு மீட்டர்களின் வெப்பத் திருத்தம் அரைகுறை. தம்ளரில் பிடித்து அறை வெப்பத்துக்கு வந்தபிறகு அளக்கவும்.

டிடிஎஸ் எப்படி ஏமாற்றும் என்பதற்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது. நிறைய அடுக்ககங்களில் உப்பு போட்டு ஓட்டும் சாஃப்ட்னர் வைத்திருக்கிறார்கள். அதற்குள் போகும் தண்ணீரில் 700 என்றால் வெளியே வருவதிலும் கிட்டத்தட்ட 700-தான் காட்டும். ஆனால் உள்ளே எல்லாம் மாறியிருக்கும். கால்சியமும் மெக்னீசியமும் போய், அந்த இடத்தில் சோடியம் உட்கார்ந்திருக்கும். கடினத்தன்மை 320 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்) உள்ள தண்ணீரில் இப்படி ஏறும் சோடியம் சுமார் 147 பி.பி.எம். காரத்தன்மை துளியும் குறையாது. சோப்பு நன்றாக நுரைக்கும், கீஸரில் காரை பிடிக்காது. பீருக்கோ இதைவிட மோசமான தண்ணீர் கிடைப்பது கடினம். உங்கள் குடியிருப்பில் சாஃப்ட்னர் இருக்கிறதா என்று செயலாளரிடம் கேட்டுவிட்டு, அதற்கு முன்னால் உள்ள குழாயில் மாதிரி எடுங்கள்.

மாதிரி எடுப்பது

சென்னையில் ‘நம் வீட்டுத் தண்ணீர்’ என்று ஒன்று நிலையாகக் கிடையாது. மெட்ரோ வாட்டரே பூண்டி, செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள், கண்டலேறு வழியாக வரும் கிருஷ்ணா நீர், வீராணம், நெம்மேலி கடல்நீர் ஆலைகள் என்று பல இடங்களிலிருந்து வருகிறது. கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீரில் கால்சியம் குறைவு, இருக்கும் உப்பில் சோடியம் குளோரைடு அதிகம். ஏரித் தண்ணீரின் கணக்கு வேறு. போரில் கோடையில் உப்பு ஏறும், வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் இறங்கும். கடலோரமான திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் அதிகம். லாரித் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வந்தது என்பது ஓட்டுநருக்குத்தான் வெளிச்சம்.

ஆகவே ஒரு பாட்டில் எடுத்துச் சோதித்து, அந்த எண்ணை வருஷம் முழுக்க நம்பினால் ஏமாற்றம்தான். போர் தண்ணீரைத் தனியாக, மெட்ரோவைத் தனியாக, கலந்து வரும் சமையலறைக் குழாயைத் தனியாகச் சோதியுங்கள். மே மாதத்தில் ஒருமுறை, ஜனவரியில் ஒருமுறை பார்த்தால் வருஷத்தின் இரண்டு ஓரமும் பிடிபடும்.

போரில் மாதிரி எடுப்பதென்றால் மோட்டார் போட்டு 5 முதல் 10 நிமிடம் ஓடவிடுங்கள். வீட்டுக் குழாயில் 2, 3 நிமிடம் போதும். ஒரு லிட்டர் பெட் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, காற்றுக்கு இடமில்லாமல் கழுத்துவரை நிரப்பி மூடவும். உள்ளே காற்று இருந்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பி.எச். நகர்ந்துவிடும். குளோரினையும் பி.எச்.சையும் குழாயடியிலேயே பாருங்கள். மற்றவற்றை அன்றைக்குள் முடித்தால் போதும்.

காரத்தன்மை: முதலில் பார்க்க வேண்டியது

ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும் என்றால் அது காரத்தன்மையாக இருக்கட்டும். அரைத்த மால்ட்டை 65 டிகிரி வெந்நீரில் ஊறப்போடும் மாஷ் கட்டத்தில் பி.எச். 5.2-க்கும் 5.6-க்கும் இடையில் நிற்க வேண்டும். மால்ட் தானாகவே அமிலப் பக்கம் இழுக்கும். தண்ணீரில் உள்ள பைகார்பனேட் அதைத் தடுத்து மேலே பிடித்துக்கொள்ளும். பி.எச். 5.8-க்கு மேலே போனால் மாவுச்சத்து சர்க்கரையாவது மந்தமாகும். உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும், பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் கசப்பு முரட்டுத்தனமாகும், பீரின் நிறமும் கருக்கும். வெளிர் நிற பீரில் இது அப்பட்டமாகத் தெரியும்.

தண்ணீரின் பி.எச்.சைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. பி.எச். 7.2 உள்ள இரண்டு தண்ணீரில் ஒன்றின் காரத்தன்மை 40-ஆகவும் இன்னொன்றின் காரத்தன்மை 350-ஆகவும் இருக்கலாம். மாஷில் இரண்டும் எதிரெதிராக நடந்துகொள்ளும்.

மலிவான வழி, மீன் தொட்டிக்காரர்கள் பயன்படுத்தும் கே.எச்., ஜி.எச். சொட்டு கிட். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கே.எச். கிட் காரத்தன்மைக்கு, ஜி.எச். கிட் மொத்தக் கடினத்தன்மைக்கு. 5 மில்லி தண்ணீரில் ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். கே.எச். கிட்டில் நீலம் மஞ்சளாக மாறும்போது எத்தனை சொட்டு ஆனதோ அத்தனை டிகிரி. ஒரு டிகிரி என்பது 17.8 பி.பி.எம். துல்லியம் வேண்டுமானால் 10 மில்லி எடுங்கள். அப்போது ஒரு சொட்டு அரை டிகிரி. சொட்டு பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தால் சொட்டின் அளவு மாறும் என்பதால் நேர்செங்குத்தாகப் பிடிக்கவும். பின்னால் வெள்ளைத் தாள் வைத்துக்கொண்டு பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் இந்த நிற மாற்றம் ஏமாற்றும்.

கிட் சரியாகத்தான் வேலை செய்கிறதா? வீட்டிலேயே சரிபார்க்கலாம். சமையல் சோடா 1.68 கிராமை ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து, அதில் 100 மில்லியை மறுபடியும் ஒரு லிட்டராக்குங்கள். பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டரே இதற்குப் போதும், ஆனால் அதைக் குடிக்கவோ காய்ச்சவோ கூடாது. இப்போது உங்களிடம் இருப்பது சரியாக 100 பி.பி.எம். காரத்தன்மை உள்ள தண்ணீர். 5 மில்லியில் ஆறாவது சொட்டில் நிறம் மாற வேண்டும். ஒன்பதாவதில் மாறினால் கிட் பழசு. ஜி.எச். கிட்டைச் சோதிக்க, இதே முறையில் இருநீர் கால்சியம் குளோரைடு 1.47 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் 100 பி.பி.எம். கடினத்தன்மை தரும்.

படிப்புக்குப் போகிறவர் என்பதால் ஆய்வக முறையும் கைவசம் இருக்கட்டும். பாரிமுனை ரசாயனக் கடைகளில் பியூரெட்டும் (அளவுக் கோடிட்ட சொட்டுக் குழாய்) கரைசல்களும் வாங்கலாம். 50 மில்லி தண்ணீரில் இரண்டு சொட்டு மெத்தில் ஆரஞ்சு நிறங்காட்டி விட்டு, 0.02 நார்மல் கந்தக அமிலத்தை பியூரெட்டிலிருந்து இறக்குங்கள். மஞ்சள் ஆரஞ்சாகத் திரும்பும் இடத்தில் நிறுத்தி, ஆன மில்லியை 20-ஆல் பெருக்கினால் காரத்தன்மை பி.பி.எம்.மில் கிடைக்கும். சிவப்பாகும்வரை விட்டால் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். தண்ணீரில் குளோரின் இருந்தால் அது மெத்தில் ஆரஞ்சை வெளுத்துவிடும். அதனால் முன்னதாகவே ஒரு துளி தயோசல்பேட் கரைசல் விட வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் ‘நிறமே வரவில்லை’ என்று தலையைச் சொறிவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

கடினத்தன்மையும் கால்சியமும்

ஜி.எச். கிட் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் சேர்த்தே சொல்லும். நமக்கு இரண்டும் தனித்தனியாக வேண்டும். 50 மில்லி தண்ணீரில் அம்மோனியா பஃபர் சேர்த்து பி.எச்.சை 10-க்குக் கொண்டுவந்து, எரியோக்ரோம் பிளாக் டி போட்டு, 0.01 மோலார் இ.டி.டி.ஏ. விட்டால் ஒயின் சிவப்பு நீலமாகும். மில்லியை 20-ஆல் பெருக்கினால் மொத்தக் கடினத்தன்மை. இன்னொரு 50 மில்லியில் சோடியம் ஹைட்ராக்சைடு போட்டு பி.எச்.சை 12-க்கு மேல் ஏற்றினால் மெக்னீசியம் படிந்து ஒதுங்கிவிடும். மியூரெக்சைடு நிறங்காட்டியோடு அதே இ.டி.டி.ஏ.வை விட்டால் கிடைப்பது கால்சியத்தின் பங்கு மட்டும். மொத்தத்திலிருந்து அதைக் கழித்தால் மெக்னீசியம் பங்கு. கால்சியம் பங்கை 0.4-ஆலும் மெக்னீசியம் பங்கை 0.243-ஆலும் பெருக்கினால் உண்மையான கால்சியம், மெக்னீசியம் அளவுகள் கிடைக்கும்.

கால்சியம் 50 முதல் 150 பி.பி.எம். வரை இருப்பது நல்லது. மால்ட்டிலுள்ள பாஸ்பேட்டோடு சேர்ந்து படிந்து மாஷ் பி.எச்.சைக் கீழே இறக்கும். ஆக்சலேட்டைப் பிடித்து ஒதுக்கும். முடிவில் ஈஸ்ட் திரண்டு அடியில் தங்க உதவும். மெக்னீசியம் 30-க்குள் இருந்தால் கவலையில்லை.

ஒரு செலவில்லாத சோதனையும் உண்டு. இரண்டு லிட்டர் தண்ணீரை 15 நிமிடம் கொதிக்கவைத்து, மூடி ஆறவிட்டு, தெளிந்த மேல் தண்ணீரில் காரத்தன்மையை மறுபடி பாருங்கள். 300 இருந்தது 80-க்கு வந்தால் அங்கே பைகார்பனேட்டுக்குத் துணை கால்சியம் என்று அர்த்தம். பாத்திர அடியில் வெள்ளைப் படிவும் தெரியும். 300 இருந்தது 280-லேயே நின்றால் துணை சோடியம். காரத்தன்மை கடினத்தன்மையைவிட அதிகமாக உள்ள போர் தண்ணீரில் இதைப் பார்க்கலாம். முதல் வகையைக் கொதிக்கவைத்தே சரிசெய்யலாம். இரண்டாவதற்கு ஆர்.ஓ. அல்லது அமிலம்தான் வழி.

குளோரைடு, சல்பேட், சோடியம்

குளோரைடை வெள்ளி நைட்ரேட்டால் அளக்கலாம். பொட்டாசியம் குரோமேட்டின் மஞ்சள் செங்கல் நிறமாகும் இடம் முடிவு. ஆனால் குரோமேட் நச்சு, வெள்ளி நைட்ரேட் விலை அதிகம். சல்பேட்டையும் சோடியத்தையும் வீட்டில் ஒழுங்காக அளக்க வழி இல்லை. இந்த மூன்றுக்கும் ஆய்வகத்துக்குப் போவதே புத்திசாலித்தனம். ஆய்வகங்களின் தரத்துக்கான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற தனியார் கூடங்கள் நகரில் நிறைய உண்டு. ‘குடிநீர்ச் சோதனை’ என்று பொதுவாகக் கேட்டால் சோடியம் விட்டுப்போகலாம். கால்சியம், மெக்னீசியம், சோடியம், மொத்தக் காரத்தன்மை, குளோரைடு, சல்பேட், நைட்ரேட், இரும்பு, மாங்கனீசு என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

அறிக்கை வந்ததும் ‘வரம்புக்குள்’ என்ற சொல்லைப் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 காரத்தன்மைக்கு 200 ஏற்கத்தக்கது என்கிறது. மாற்று நீராதாரம் இல்லாதபோது 600 வரை அனுமதிக்கிறது. 600 குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. பில்ஸ்னர் என்ற வெளிர் பீர் அதில் உருப்படாது.

அறிக்கை நம்பகமானதா என்று ஒரு கூட்டல் கணக்கில் பார்த்துவிடலாம். நேர் அயனிகளின் கூட்டுத்தொகையும் எதிர் அயனிகளின் கூட்டுத்தொகையும் சமமாக வர வேண்டும். காரத்தன்மையையும் கடினத்தன்மையையும் 50-ஆலும், குளோரைடை 35.5-ஆலும், சல்பேட்டை 48-ஆலும், சோடியத்தை 23-ஆலும் வகுத்துக்கொள்ளுங்கள். உங்களுடையதைப் போன்ற ஒரு கலவைத் தண்ணீரின் அறிக்கை இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம்: காரத்தன்மை 340, கடினத்தன்மை 320 (கால்சியம் பங்கு 180, மெக்னீசியம் பங்கு 140), குளோரைடு 210, சல்பேட் 60. எதிர்ப் பக்கம் 6.8 + 5.9 + 1.25, சுமார் 14. நேர்ப் பக்கம் கடினத்தன்மை தருவது 6.4. மீதி 7.6-ஐச் சோடியம்தான் நிரப்ப வேண்டும். அதாவது சோடியம் சுமார் 174 பி.பி.எம். அறிக்கையில் சோடியம் 40 என்று இருந்தால் எங்கேயோ தப்பு, திருப்பிக் கேளுங்கள். அறிக்கையில் சோடியமே இல்லையென்றால் இந்தக் கணக்கே போதும். 174 பீருக்கு அதிகம். 100-க்குள் இருப்பது நல்லது.

எச்ச காரத்தன்மை

இதே எண்களை வைத்து, 1953-இல் ஜெர்மன் ஆய்வாளர் பால் கோல்பாக் தந்த சூத்திரத்தைப் போடுங்கள். அங்கே போனதும் முதல் பருவத்திலேயே இதைச் சந்திப்பீர்கள். காரத்தன்மையிலிருந்து, கால்சியம் பங்கில் 3.5-இல் ஒரு பாகத்தையும் மெக்னீசியம் பங்கில் 7-இல் ஒரு பாகத்தையும் கழித்தால் மிஞ்சுவது எச்ச காரத்தன்மை. மேலே சொன்ன தண்ணீரில் 340 − (51 + 20) = 269. வெளிர் பீருக்கு இது 0-வை ஒட்டி, அதிகபட்சம் 50-க்குள் இருக்க வேண்டும். கறுத்த மால்ட் தானே அமிலத்தன்மை உள்ளது என்பதால் கரும் பீர் 100, 150 வரை தாங்கும். டப்ளினும் மியூனிக்கும் கரும் பீருக்குப் பெயர் வாங்கியதற்கும், மென்மையான தண்ணீர் உள்ள செக் நகரம் பில்சன் வெளிர் பீருக்குப் பெயர் வாங்கியதற்கும் தண்ணீர் ஒரு பெரிய காரணம்.

269-ஐ அப்படியே வைத்துக்கொண்டு அமிலத்தால் அடக்கலாமே என்று தோன்றும். 88 சதவீத லாக்டிக் அமிலம் 20 லிட்டரில் 50 பி.பி.எம். காரத்தன்மையைக் குறைக்க சுமார் 1.7 மில்லி வேண்டும். 250 குறைக்க 8.5 மில்லி ஆகிவிடும். பீரில் புளிப்பு தட்டும். சோடியமோ 174-லேயே நிற்கும். ஆகவே இங்கே ஆர்.ஓ. தண்ணீரோடு கலப்பதுதான் வழி.

ஒரு பங்கு குழாய்த் தண்ணீருக்கு நான்கு பங்கு ஆர்.ஓ. ஆர்.ஓ.வின் காரத்தன்மை 20, கால்சியம் பங்கு 5, மெக்னீசியம் பங்கு 3 என்றால், கலவையில் காரத்தன்மை 84, சோடியம் நாற்பது சொச்சம், கால்சியம் 16 பி.பி.எம். கால்சியம் போதாது. 20 லிட்டருக்கு உணவுத் தர ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) 3 கிராமும் இருநீர் கால்சியம் குளோரைடு 2 கிராமும் சேர்த்தால் கால்சியம் 78-க்கு ஏறும். எச்ச காரத்தன்மை 24-க்கு இறங்கும். ஹாப்ஸ் கசப்பு தூக்கலாக வேண்டுமென்றால் ஜிப்சத்தைக் கூட்டுங்கள். மால்ட்டின் இனிப்பும் திரட்சியும் வேண்டுமென்றால் கால்சியம் குளோரைடைக் கூட்டுங்கள். சிலைக்கும் சுவருக்கும் பூசும் ஜிப்சம் வேண்டாம்.

உண்மையைச் சொன்னால், சம்ப்பில் மூன்று தண்ணீர் கலக்கும் வீட்டில் இந்தக் கலவைக் கணக்கு அடுத்த லாரி வரும்வரைதான் செல்லும். முழுக்க ஆர்.ஓ. எடுத்து உப்புகளை நாமே சேர்ப்பது எளிது, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும். இங்கேதான் உங்கள் டிடிஎஸ் மீட்டருக்கு நிஜமான வேலை. உள்ளே 700, வெளியே 45 என்றால் சுமார் 94 சதவீதம் தடுக்கப்படுகிறது. ஆர்.ஓ.வில் உப்பை வடிகட்டும் ஜவ்வு நன்றாக இருக்கிறது. 85-க்குக் கீழே போனால் ஜவ்வை மாற்றும் நேரம். இரண்டு விஷயம் கவனிக்கவும். ஓய்ந்திருந்த ஆர்.ஓ.வில் முதலில் வரும் தண்ணீர் எப்போதும் அதிகம் காட்டும், ஓரிரு லிட்டர் போனபிறகு அளக்கவும். இரண்டாவது, பல வீட்டு ஆர்.ஓ.க்களில் ‘டிடிஎஸ் கன்ட்ரோலர்’ என்ற திருகு உண்டு. ருசிக்காகக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரைக் கலந்துவிடும். மெக்கானிக் அதைத் திறந்து வைத்திருந்தால் ஜவ்வு நன்றாக இருந்தும் 150 காட்டும். ஆர்.ஓ. தண்ணீரின் பி.எச். 6-க்கு அருகில் காட்டினால் பயப்பட வேண்டாம். அதில் தாங்கும் சக்தியே இல்லாததால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் கரைந்தாலே இறங்கிவிடும்.

கேன் தண்ணீரும் பெரும்பாலும் ஆர்.ஓ.தான். ஆனால் கேனுக்குக் கேன் மீட்டரை விட்டுப் பார்க்காமல் ஊற்றாதீர்கள்.

குளோரின், இரும்பு, வாசனை

குளோரின் மால்ட்டின் பீனால்களோடு சேர்ந்தால் குளோரோபீனால் உண்டாகும். டிங்சர், பேண்டேஜ் வாசனை. நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே நாக்குக்குத் தெரியும், பிறகு எதைச் செய்தாலும் போகாது. சம்ப் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்ட வாரமும் லாரி வந்த நாளும் அதிகம் இருக்கும். ஆர்த்தோடாலிடின் விட்டால் மஞ்சளாகும் கிட் மலிவு. ‘இருக்கிறது, இல்லை’ என்று சொல்ல அது போதும். அளவு வேண்டுமென்றால் இளஞ்சிவப்பாகும் டி.பி.டி. கிட். அது தனிக் குளோரினையும் மொத்தக் குளோரினையும் பிரித்துக் காட்டும். இரண்டுக்கும் இடைவெளி இருந்தால் அங்கே குளோராமின் இருக்கிறது. தண்ணீரில் அம்மோனியா இருந்த இடத்தில் பிளீச்சிங் பவுடர் விழுந்தால் உருவாவது அது. தனிக் குளோரின் திறந்து வைத்தாலும் கொதித்தாலும் போய்விடும், குளோராமின் லேசில் போகாது. ஸ்குவாஷ் போடுகிறவர்கள் கே.எம்.எஸ். என்று சொல்லும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டை லிட்டருக்கு 10 மில்லிகிராம், அதாவது 20 லிட்டருக்கு 0.2 கிராம் கலக்கினால் இரண்டும் சில நிமிடத்தில் தீரும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தத் தூளின் நெடியை மூக்கருகில் கொண்டுபோக வேண்டாம். சோதித்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுங்கள்; ஆர்த்தோடாலிடின் வாய்க்குப் போகக் கூடாத பொருள்.

இரும்பு 0.1 பி.பி.எம். தாண்டினாலே பீரில் ரத்தம் நக்கிய மாதிரி ருசி வரும். கிட் இல்லாவிட்டால் போர் தண்ணீரை வெள்ளை வாளியில் இரவு முழுக்கத் திறந்து வையுங்கள். தெளிவாகப் பிடித்தது காலையில் பழுப்பேறி அடியில் செம்படிவு தெரிந்தால் பீருக்கு ஆகாது. அப்படித் தெரியாவிட்டாலும் 0.1-க்குக் கீழே என்று உறுதி சொல்ல முடியாது. அதற்கு ஆய்வக எண் வேண்டும். நைட்ரேட் 45-க்கு மேல் வந்தால் பீரை மறந்துவிடுங்கள். செப்டிக் டேங்க்கோ கழிவுநீர்க் குழாயோ போருக்குப் பக்கத்தில் கசிகிறதா என்று பார்க்க வேண்டிய நேரம் அது.

மூக்கும் ஒரு கருவிதான். மூடிய கண்ணாடி பாட்டிலில் 60 டிகிரிக்குச் சூடாக்கி, குலுக்கி, திறந்தவுடன் முகருங்கள். குளிர்ந்த தண்ணீரில் தெரியாத பாசி நெடியும் அழுகிய முட்டை வாசனையும் மேலே வந்துவிடும்.

பி.எச். மீட்டர்

காகிதப் பட்டை வேண்டாம், 5.4-க்கும் 5.7-க்கும் வித்தியாசம் அதில் தெரியாது. 0.01 வரை காட்டும் மீட்டர் வாங்கி, இங்கே பொட்டலமாகக் கிடைக்கும் 4.00, 6.86 பஃபர் தூள்களைக் கரைத்து அளவிடும் நாளன்று இரண்டிலும் சரிசெய்யுங்கள். மாஷில் எடுத்த மாதிரியை 25 டிகிரிக்கு ஆறவைத்தே அளக்க வேண்டும். சூட்டில் பி.எச். சுமார் 0.3 குறைவாக இருக்கும், மின்முனையும் சீக்கிரம் கெடும். ஆர்.ஓ. தண்ணீரில் மின்முனையை ஊறப்போட்டு வைப்பது அதைக் கொல்லும் வழி. 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வையுங்கள்.

கொதித்த பிறகு தொடும் தண்ணீர்

இங்கேதான் கிருமி. பாத்திரம் அலசுவது, ஆறிய வொர்ட்டில் (மால்ட் ஊறிய இனிப்புச் சாறு) அளவு நிரப்ப மேல்தண்ணீர் சேர்ப்பது, ஈஸ்ட்டை நனைப்பது எல்லாம் கொதிக்காத தண்ணீராக இருந்தால் அத்தனை உழைப்பும் வீண். ஹைட்ரஜன் சல்பைடு பாட்டில் சோதனை மலிவு: கோடு வரை நிரப்பி 30 முதல் 37 டிகிரியில் வைத்தால், மலக்கிருமி கலந்த தண்ணீர் 24 முதல் 48 மணி நேரத்தில் கறுக்கும். சென்னையில் அந்த வெப்பத்துக்குத் தனிப் பெட்டி பெரும்பாலும் தேவைப்படாது. இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் நுண்ணுயிர்ச் சோதனை செய்கிறார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் கிருமிநீக்கிய பாட்டிலில், பனிக்கட்டியில் வைத்து, அன்றே கொண்டுபோக வேண்டும்.

ஆனால் மலக்கிருமி இல்லை என்பதால் பீரைக் கெடுக்கும் லாக்டிக் பாக்டீரியாவும் காட்டு ஈஸ்ட்டும் இல்லை என்று ஆகிவிடாது. அவற்றுக்கு வொர்ட்டே சோதனைக் கருவி. பிரஷர் குக்கரில் 20 நிமிடம் வைத்த இரண்டு கண்ணாடி ஜாடிகளில் கொதித்து ஆறிய வொர்ட் 100 மில்லி வீதம் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் சந்தேகப்படும் தண்ணீர் 5 மில்லி. ஈஸ்ட் எதுவும் போடாமல் தளர மூடி, அறை வெப்பத்தில் மூன்று நாள். தண்ணீர் விட்ட ஜாடி ஒரு நாளுக்குள் கலங்கி நுரைத்து, விடாதது தெளிவாக இருந்தால் அந்தத் தண்ணீர் ஆறிய வொர்ட் பக்கமே போகக் கூடாது. இரண்டும் கலங்கினால் தண்ணீரைக் குறை சொல்ல முடியாது, ஜாடியோ கையோ சுத்தமில்லை. பார்த்து முடித்ததும் இரண்டையும் கொதிக்கவைத்துக் கொட்டிவிடுங்கள்.

ஜெர்மனி போனபிறகு குழாய்த் தண்ணீரின் பகுப்பாய்வை நீர் வழங்கும் நிறுவனமே வெளியிடும். கடினத்தன்மை ஜெர்மன் டிகிரியில் இருக்கும், 17.8-ஆல் பெருக்குங்கள். காரத்தன்மை என்ற பெயரைத் தேடினால் கிடைக்காமல் போகலாம், ‘பி.எச். 4.3 வரையிலான அமில ஏற்புத்திறன்’ என்ற வரியில் மில்லிமோலில் இருக்கும். அதை 50-ஆல் பெருக்கினால், நீங்கள் இங்கே சொட்டு எண்ணிக் கண்டுபிடித்த அதே எண்.